கேமராவுக்குத் தெரியாத நீலம்

திண்டிவனம்
5.6.2011

திரு. அந்தோணிசாமி அவர்களுக்கு,

பதினாறு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள். அடையாளம் தெரியவில்லை என்றால் உறையின் பின்பக்கம் பெயர் இருக்கிறது. இதை 'வெள்ளைத்தாள்' வலைப்பூவிலேயே பின்னூட்டமாக எழுதியிருக்கலாம். அங்கே உங்களையும் என்னையும் தவிர இன்னும் பத்து ஓவியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் கதை தெரிய வேண்டாம் என்று தபாலில் எழுதுகிறேன்.

காயத்ரி என்னை அதில் சேரச் சொன்னபோது நீங்களும் இருப்பது எனக்குத் தெரியாது. அந்தப் புதுச்சேரிப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சார், நாங்க எல்லாம் பத்திரிகைக்கும் புஸ்தகத்துக்கும் படம் போடறவங்க. திங்கக்கிழமை ஒரு வார்த்தை குடுப்போம். சனிக்கிழமைக்குள்ள அவங்கவங்க வரைஞ்சு போடணும். ரஃப் ஸ்கெட்ச், கெட்டுப்போன படம், எது வேணாலும் போடலாம் சார்."

கெட்டுப்போன படத்தை ஊருக்குக் காட்டுவது என்ன வழக்கமோ. போய்ப் பார்த்தேன். ஒருத்தி தன் பூனையைத் தினம் ஒரு கோணத்தில் வரைகிறாள். ஒருவன் தேய்ந்த பிரஷ்களை வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்து, எது எந்தப் படத்தில் உயிரைவிட்டது என்று எழுதுகிறான். இன்னொருவன் பஸ்ஸில் தூங்குகிறவர்களை மட்டும் வரைகிறான். எல்லோரும் எல்லோரையும் 'செம' என்கிறார்கள்.

'கல்' என்ற வார்த்தை கொடுத்த வாரம் நான் மண்டகப்பட்டுக்குப் போனேன். கத்திரி வெயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் குடைவரையை வாட்டர்கலரில் வரைந்தேன். தூணின் நிழல் தரையில் எங்கே மடங்குகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட படம். மூன்று பேர் 'நல்லா இருக்கு சார்' என்றார்கள். அந்த 'சார்' எதற்கு என்று எனக்குத் தெரியும். அதே வாரம் நீங்கள் ஒரு செருப்பை வரைந்தீர்கள். செருப்புக்குள் சின்னதாக ஒரு கல். செருப்பைப் போட வேண்டிய காலைக்கூடக் காணோம். அதற்கு நாற்பத்தொரு பின்னூட்டம். எண்ணிப் பார்த்தேன்.

அதைச் சொல்ல எழுதவில்லை. போன வாரம் 'பழசு' என்ற வார்த்தைக்கு 'மரக்காணத்து மருமகள்' தொடர்கதைக்கு வந்த படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அம்சா மாமியார் வீட்டைவிட்டு வெளியே வந்து, மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கும் படம். 1993-ல் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்ததாக ஒரு அம்மாள் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர்: 'தொடரைப் படங்களோடு புத்தகமாகப் போடுகிறோம். அட்டையில் "ஓவியம்: அந்தோணிசாமி" என்று போட்டுவிடலாம் இல்லையா?' நீங்கள் அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் பதிலாகப் போட்டிருக்கிறீர்கள்.

சிரிப்பு எதற்கு? அந்தப் படங்களைப் பென்சிலில் வரைந்தவன் நான். இங்கே வரைந்து, அட்டைக் குழாயில் சுருட்டி, கண்டக்டர் மாசிலாமணியிடம் கொடுத்து அனுப்புவேன். விழுப்புரத்தில் நீங்கள் அதன்மேல் மை போட்டு ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோவீர்கள். வெளிர்நீலப் பென்சில் பிரஸ் கேமராவில் விழாது, கறுப்பு மை மட்டும்தான் விழும் என்பதால் நீலத்தை நாம் அழிப்பதில்லை. அசல் தாள்கள் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. அவற்றில் என் நீலம் அப்படியே இருக்கும். நீங்கள் வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, நீலம் தெரியாமல் போட்டிருக்கிறீர்கள்.

அதே தாளைக் கலரில் ஸ்கேன் செய்து போடுங்கள். அம்சாவை வரைந்தது யார் என்று பதிப்பாளர் தன் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தீ. தீனதயாளன்
ஓவிய ஆசிரியர்

*

விழுப்புரம்
11.6.2011

டேய் தீனா,

'அவர்களுக்கு' என்று படித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. லூர்துமேரி எட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ வக்கீல் நோட்டீஸு உட்டுகிறாங்கன்னு நெனச்சேன். நம்ம தீனா அண்ணனா? இத்தினி வருசம் கழிச்சி எழுதறவரு ஒரு வார்த்தை நல்லாகிறீங்களான்னு கேக்கக்கூடாதா?" என்றாள். நான் நன்றாக இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் ஃப்ளெக்ஸும் அடிக்கும் கடை. பகலெல்லாம் மாப்பிள்ளை முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கிவிட்டு, சாயங்காலம் 'வெள்ளைத்தாள்' பக்கம் போனால்தான் மூச்சு வருகிறது.

அந்தச் சிரிப்புப் பொம்மைக்குப் பின்னால் எந்தச் சதியும் இல்லை. எல்லோர் முன்னாலும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதிப்பாளருக்கு அன்றைக்கே தனியாக எழுதிவிட்டேன். இரண்டு பேர் செய்த வேலை, இரண்டு பெயரும் போடுங்கள் என்று. 'யார் அந்த இன்னொருவர், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?' என்று கேட்டிருக்கிறார். உன்னைக் கேட்காமல் பதில் எழுதக்கூடாது என்று விட்டுவைத்திருக்கிறேன்.

உன் மண்டகப்பட்டுப் படத்தை நான் பார்க்கவில்லை என்றா நினைக்கிறாய்? அந்த வாயில்காப்பவன் கதாயுதத்தின்மேல் வைத்திருக்கிறானே ஒரு கை, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். பின்னூட்டம் போடாததற்குக் காரணம், போட்டால் அதற்கு நீ என்ன அர்த்தம் கண்டுபிடிப்பாயோ என்ற பயம்.

கலர் ஸ்கேன் வேண்டாம்டா. தாள்களை எடுத்துவைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். லூர்து வஞ்சிரம் வாங்குகிறேன் என்கிறாள்.

அந்தோணி

*

திண்டிவனம்
17.6.2011

அந்தோணிக்கு,

நீ 'டேய்' என்று எழுதியதால் நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். பிரியத்தினால் அல்ல.

'இரண்டு பேர் செய்த வேலை' என்கிறாய். வரைவது ஒரு வேலை. வரைந்ததன்மேல் மை போடுவது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றா? வீடு கட்டியவனும் வெள்ளையடித்தவனும் சேர்ந்து கிரகப்பிரவேசப் பத்திரிகையில் பெயர் போட்டுக்கொள்வார்களா? நீதான் பத்திரிகை அடிக்கிறவனாயிற்றே, சொல்.

அம்சா தலை நிமிர்ந்து நம்மை நேராகப் பார்க்கிறாளே, அந்தப் பார்வையில்தான் அந்தத் தொடரே நின்றது. அழுவாள் என்று நீ பார்த்தால் அவள் உன்னைப் பார்க்கிறாள். ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் படத்தைக் காட்டித்தான் பாடத்தைத் தொடங்குகிறேன். "மோவாயிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தோள், ஒரே கோடு. எங்கேயாவது பென்சிலை எடுத்திருக்கேனா பாருங்க" என்பேன். அந்தக் கோட்டின்மேல் மையை ஓட்டிய கைக்கு அட்டையில் பாதி இடமா?

1995 தீபாவளி மலரை நான் மறக்கவில்லை. அம்சாவின் முழுப்பக்கப் படம், கீழே 'ஓவியம்: அந்தோணி'. பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றபடி பார்த்தேன். கடைக்காரனிடம் முந்தின நாள்தான் "மலர்ல நம்ம படம் வருது" என்று சொல்லியிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சில்லறையை எண்ணினான். ஒவ்வொரு தாளிலும் வலது மூலையில் நீலத்தில் 'தீனா' என்று எழுதி அனுப்பினேனே, அதில் ஒன்றின்மேலாவது மை போட்டாயா? உன் பெயரை மட்டும் கறுப்பில் கொட்டை எழுத்தில் எழுதினாய்.

என் மனைவி செந்தாமரையும் உன் கட்சிதான்.

"அவருதான் ரெண்டு பேரும் போடலாம்னு சொல்லிக்கினு இருக்காரே, அப்புறம் இன்னாத்துக்குங்க இந்த வயித்தெரிச்சல்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்கு ஒண்ணும் புரியலதான். பத்து நாளா சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து பேஜாரு பண்ணிக்கினு இருக்கீங்க, அது மட்டும் புரியுது."

வஞ்சிரம் சாப்பிட நான் வரவில்லை. உன் வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் பார்ப்பதால் எனக்கு என்ன லாபம்? பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும். கலரில் போடு.

தீனதயாளன்

*

விழுப்புரம்
24.6.2011

தீனா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நிமிர்ந்த தலையைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தை அதற்கு மேலும் படித்தேன். அதைப் படித்த பிறகு முன்பைவிட அழுத்தமாகச் சொல்கிறேன், வேண்டாம்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். முதல் மாதம் ஞாயிறுதோறும் நீயே பஸ் ஏறி வந்து உன் பெயரின்மேல் மை போட்டுவிட்டுப் போனாய், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் நேரமாகிவிட்டது, நானே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "ஒருத்தன் கையெழுத்து மேல இன்னொருத்தன் மை போட்டா அதுக்குப் பேரு ஃபோர்ஜரி. நம்ம தொழில்ல அது ஆகாது" என்றாய். பிறகு வருவதை நிறுத்திவிட்டாய். மாசிலாமணியிடம் சொல்லி அனுப்பினேன். "கையெழுத்து போடறதுக்கு ஊரு ஊரா போக நான் இன்னா தாசில்தாரா" என்று நீ சொன்னதாக வந்து சொன்னார். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. உன் பெயருக்கு இடம்விட்டு, தள்ளித்தான் என் பெயரை எழுதினேன். பிரஸ் கேமரா அந்த இடத்தை வெறும் வெள்ளையாகப் பார்த்தது. மலர்க்காரர்களும் அதைப் பார்த்துத்தான் பெயர் போட்டார்கள்.

எனக்கும் ஒரு குறை இருக்கிறது. பத்திரிகை ஆசிரியர் நம் இரண்டு பேரையும் உட்காரவைத்து டீ வரவழைத்த அன்று, "இவரு என்ன செய்றாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். "மை தடவுறவன் சார்" என்றாய் நீ. டீ வந்தது, குடித்தேன். இப்போது வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவன் என்கிறாய். பதவி உயர்வுதான்.

இவ்வளவு திட்டிய பிறகும் கேட்கிறேன். முதலில் இங்கே வந்து தாள்களைப் பார். பார்த்த பிறகும் கலரில் போடச் சொன்னால் உன் கண் முன்னாலேயே போடுகிறேன்.

அந்தோணி

*

திண்டிவனம்
2.7.2011

அந்தோணி,

காயத்ரிக்கும் பதிப்பாளருக்கும் நானே எழுதிவிட்டேன். பென்சில் யாருடையது, மை யாருடையது, நீலம் ஏன் தெரியவில்லை எல்லாம் எழுதினேன். காயத்ரிக்கு ஒரே சந்தோஷம். "இது சூப்பர் பதிவா வரும் சார், இப்ப இருக்கறவங்க நீலப் பென்சில் வேலையப் பார்த்ததே இல்ல" என்று போனில் கூவினாள். கலர் ஸ்கேனைப் பார்த்த பிறகுதான் அட்டையில் யார் பெயர் என்று முடிவு செய்வதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

தாள்களைக் காட்ட இத்தனை தயங்குகிறவன் எதையோ மறைக்கிறான். இனி நீ போடாவிட்டாலும் அதுவே பதில்தான்.

தீனதயாளன்

*

விழுப்புரம்
14.7.2011

தீனா,

இன்று காலை கரண்ட் இருந்த நேரத்தில், என்னிடம் மிஞ்சியிருக்கும் ஏழு படங்களையும் கலரில் போட்டுவிட்டேன். நீ கேட்டாய், காயத்ரி கேட்டாள், பதிப்பாளர் இரண்டு தடவை போன் செய்தார். இதற்கு மேல் மறுத்தால் திருடன் என்பார்கள்.

ஒன்று மட்டும் செய். பள்ளிக்கூடத்தில் யார் கூடவும் சேர்ந்து பார்க்காதே. தனியாகப் போய்ப் பார்.

அந்தோணி

*

திண்டிவனம்
17.7.2011

அந்தோணி,

தனியாகப் போ என்று நீ எழுதியது நேற்றுத்தான் வந்தது. நான் முந்தாநாள் சாயங்காலமே போய்விட்டேன். தனியாகப் போகவில்லை. எங்கள் சரித்திர ஆசிரியர் சக்கரபாணியைச் சாட்சிக்குக் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்தில் சண்டை என்றால் அவரைத்தான் எல்லோரும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். போகும் வழியில் அவருக்கு போண்டா வாங்கிக் கொடுத்து, நீலம் என்றால் என்ன, மை என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ப்ரவுசிங் சென்டரில் அலெக்ஸ்தான் பக்கத்தைத் திறந்து கொடுத்தான். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வானம், அப்புறம் கூரை, அப்புறம் தலை.

"சார், இந்தம்மாவுக்கு ரெண்டு தலை இருக்கு சார்" என்றான் அலெக்ஸ்.

சக்கரபாணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனார். "நீலம் உன்னுதுதானே தீனா?"

"ஆமாம்."

"நீலம் குனிஞ்சிக்கினு இல்ல இருக்குது? அழுவுது வேற. நிமிந்துகினு இருக்கறது கறுப்பு."

அவர் சரித்திர ஆசிரியர். கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சத்தமாகப் படிப்பதுதான் அவர் தொழில்.

நீ தாளில் புதிதாக நீலம் தடவி ஏமாற்றியிருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். மற்ற ஆறு படங்களையும் பார்த்தேன். மாமியார் முன்னால் அம்சா, உப்பளத்தில் அம்சா, கோர்ட்டில் அம்சா. எல்லாவற்றிலும் நீல அம்சா தலையைத் தொங்கப் போட்டிருக்கிறாள், கறுப்பு அம்சா தூக்கியிருக்கிறாள். அந்த நீலக் கோடு யாருடையது என்று சாட்சி வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் குறுக்குக் கோடு போட்டால் கடைசியில் ஒரு கொக்கி விழும். எல்லாப் படத்திலும் கொக்கி இருக்கிறது.

வீட்டுக்கு வந்து என்னிடமிருந்த பழைய பத்திரிகைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான் படம். நான் தாளை அனுப்பிப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பத்திரிகை கைக்கு வரும். அதற்குள் அடுத்த இரண்டு படம் வரைந்திருப்பேன். வந்ததைப் பார்ப்பேன். நன்றாக இருக்கும். நன்றாக இருந்ததால், நான் வரைந்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே இத்தனை வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உன்னுடைய கோட்டைக் காட்டி, பென்சிலை எடுத்திருக்கேனா பாருங்க என்று கேட்டிருக்கிறேன்.

பின்னூட்டங்களையும் படித்தேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. 'கீழே ஒரு அம்சா அழுகிறாள், மேலே ஒரு அம்சா எழுந்துவிட்டாள். ரெண்டு சாருக்கும் வணக்கம்' என்று காயத்ரி எழுதியிருக்கிறாள். அந்தப் பிரஷ் பையன் என் நீலத்தைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறான். உன்னை மட்டும் பாராட்டியிருந்தால் அவர்களோடு சண்டை போட்டிருப்பேன். இரண்டு பேரையும் பாராட்டுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இரண்டு வருஷம் ஒவ்வொரு வாரமும் என் படத்தைத் திருத்தியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரைக் கேட்டு அவள் தலையை நிமிர்த்தினாய்?

தீனதயாளன்

*

விழுப்புரம்
23.7.2011

தீனா,

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நீ விட்டிருக்க மாட்டாய்.

உன் ரோலை வாங்க நான் இங்கே பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பேன். மாசிலாமணி வண்டி வரும். அதே வண்டியில் மரக்காணத்துப் பக்கத்திலிருந்து சின்னபொண்ணு என்று ஒரு அம்மாள் கூடையோடு வருவாள். திண்டிவனத்தில் வண்டி மாறி இதில் ஏறிவிடுவாள். மாசிலாமணிக்கும் அவளுக்கும் தினம் தகராறு.

"கூடைய மேல ஏத்தும்மா. நாத்தம் தாங்கல, ஜனங்க திட்டுறாங்க."

"நாத்தமா? மத்தியானம் கொழம்புல போட்டா மணக்கும்டா உனக்கு. நான் டிக்கெட்டு வாங்கிக்கினுதான் உக்காந்துகிறேன். தாங்கலன்னா நீ எறங்கி நடந்து வா."

வண்டியே சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள். அப்போது ஒரு மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்ப்பாள். நான் ரோலை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்து பிரித்தால் உள்ளே உன் அம்சா அழுதுகொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வந்திறங்கியிருக்கிறார்கள். நீ ஞாயிறு வருவதை நிறுத்திய பிறகு ஒரு நாள், அவளைப் பார்த்த கண்ணோடு உன் கோட்டின்மேல் பேனாவை வைத்தேன். கை அந்தப் பக்கம் போகவில்லை. முதல் தடவை பயந்தபடிதான் அனுப்பினேன். பத்திரிகை வந்ததும் நீ கொதித்துப்போய் வருவாய் என்று காத்திருந்தேன். நீ வரவில்லை. 'இந்த வாரம் நன்றாக வந்திருக்கிறது' என்று ஒரு போஸ்ட் கார்டு வந்தது. உனக்குச் சம்மதம் என்று நினைத்தேன். அடுத்த நீலத்திலும் அவள் குனிந்துதான் இருந்தாள். அப்போதுதான் உனக்குத் தெரியவே இல்லை என்று புரிந்தது. பிறகு எப்படிச் சொல்வது? வலைப்பூவில் கறுப்பு வெள்ளையில் போட்டதற்கும் இதுதான் காரணம். என் பெயருக்காக இல்லை.

இப்போது நீ ஒன்று செய். அலெக்ஸை விட்டு அந்தக் கூடைப் படத்தைப் பெரிதாக்கச் சொல். கூடை விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார். அங்கே நீலம் தெரிகிறதா? தெரியாது. ஏழு படத்திலும் கை இருக்கும் இடத்தில் நீலம் வெளியே தெரியாது, மைக்கு அடியிலேயே இருக்கிறது. ஒரு மயிரிழை நான் விலகவில்லை. விலக முடியவில்லை. நான் வரைந்தால் கை முருங்கைக்காய்க் கட்டு மாதிரி வரும். செருப்பு வரைந்தேன், காலைக்கூடக் காணோம் என்று எழுதினாயே. எனக்குக் கால் வராதுடா. அதனால்தான் செருப்பு. அங்கே கைதட்டுகிற நாற்பத்தொரு பேருக்கும் அது தெரியாது. உனக்குத் தெரிந்துவிடுமே என்று அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். அதே வாரம்தான் நீ மண்டகப்பட்டுக் கையைப் போட்டாய்.

பொறாமையை நீ ஒருத்தனே குத்தகைக்கு எடுத்த மாதிரி எழுதாதே. வெறும் தாளைக் கொடுத்தால் எனக்கு இன்றைக்கும் வியர்க்கும். கீழே உன் கோடு இருந்தால்தான் அதிலிருந்து விலகத் தைரியம் வரும்.

பதிப்பாளர் பேசினார். அட்டைக்குப் பழைய படம் சிறியது, பெரிதாக்கினால் உடைகிறதாம். புதிதாக ஒரு அம்சா வேண்டுமாம், நாம் இரண்டு பேரும் சேர்ந்து. பெயர்களை அகர வரிசையில் போட்டுவிடலாம் என்கிறார். உனக்கு இஷ்டமில்லை என்றால் நான் வரைய மாட்டேன். என்னால் தனியாக முடியாது. அப்புறம் அட்டையில் யார் பெயரும் இருக்காது, யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் கடலும் தென்னை மரமும் போட்டுவிடுவார்.

அந்தோணி

*

திண்டிவனம்
6.8.2011

அந்தோணி,

அகர வரிசையும் உன் பக்கம்தான் இருக்கிறது. உங்கள் அப்பா பெயர் வைக்கும்போதே யோசித்திருக்கிறார்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஒரு அட்டைக் குழாய் வருகிறது. மாசிலாமணி ரிட்டயர் ஆகி மேல்மலையனூரில் மகளோடு இருக்கிறாராம். புதுக் கண்டக்டரிடம் காட்டிக் கேட்டுவைத்தேன். "இன்னா சார் இது, பைப்பா? லக்கேஜ் போடணும்" என்றான். படம் என்றேன். "படமா? யாரு படம், உங்க படமா?" என்றான். என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் விசில் கொடுத்துவிட்டான். வரும் புதன்கிழமை மாலை நாலு மணி வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன், வண்டி வரும்போது பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள். கடையை லூர்துமேரி பார்த்துக்கொள்ளட்டும்.

உள்ளே அட்டைக்கான அம்சா இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் வரைக்கும் போய்வந்தேன். செந்தாமரையும் கூட வந்தாள். "பதினாறு வருசத்துல என்னெ கடலுக்குக் கூட்டிக்கினு வந்தது அந்த அந்தோணி அண்ணனாலதான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கூடை, புடவைக் கொசுவம், மணலில் புதைந்த பாதம், கை எல்லாம் நீலத்தில் இருக்கின்றன. கையில் இன்னும் நிறைய வேலை செய்திருக்கிறேன். ஒரு மயிரிழை விலகினால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதே. கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக்கூட நான் போடவில்லை.

வலது மூலையில் என் பெயர் நீலத்தில் இருக்கிறது. அதன்மேல் நீயே மை போட்டுவிடு. தாசில்தார் வரமாட்டார்.

இதைப் படித்துவிட்டு நான் மாறிவிட்டேன் என்று லூர்துமேரியிடம் சொல்லாதே. இந்த வாரம் உன் குடைப் படத்துக்கு ஐம்பத்து மூன்று பின்னூட்டம் வந்திருக்கிறது. எனக்கு ஏழு. அதில் ஒன்று நீ போட்டது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. இது என்னோடுதான் போகும் போலிருக்கிறது.

அட்டைப் படம் வளர்வதை ஒவ்வொரு கட்டமாக வலைப்பூவில் போடச் சொல்லிக் காயத்ரி உன்னைப் பிடுங்குவாள். போட வேண்டும் என்றால் போடு. ஆனால் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்.

தீனா